டிகோடர் என்னும் குறிவிலக்கி: பொருளும் பயன்பாடும் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிகோடர் என்றால் என்ன?

ஒரு செய்தியை, இரு தரப்பும் முன்பே ஒப்புக்கொண்ட முறைப்படி வேறொரு வடிவத்துக்கு மாற்றுவது குறியாக்கம். அப்படி மாற்றப்பட்டதை அதே முறையைக் கொண்டு பழைய வடிவத்துக்கோ, பயன்படுத்துவதற்கு ஏற்ற இன்னொரு வடிவத்துக்கோ கொண்டுவருகின்ற கருவி, மின்சுற்று அல்லது நிரலே டிகோடர். மாற்றி அனுப்புகிற பக்கத்தில் இருப்பது என்கோடர்.

இந்த விளக்கத்தில் கவனிக்க வேண்டியது 'முன்பே ஒப்புக்கொண்ட' என்பதுதான். மோர்ஸ் தந்தி முறையை எடுத்துக்கொள்ளலாம். அதில் ஒற்றைப் புள்ளி ஆங்கிலத்தின் 'ஈ' என்ற எழுத்தையும், ஒற்றைக் கோடு 'டி' என்ற எழுத்தையும், புள்ளியும் கோடும் சேர்ந்து வருவது 'ஏ' என்ற எழுத்தையும் குறிக்கும். அப்படியானால் ஒரு புள்ளியும் ஒரு கோடும் காதில் விழும்போது அது 'ஈ, டி' என்ற இரண்டு எழுத்தா, 'ஏ' என்ற ஒரே எழுத்தா? இடைவெளிதான் அதைத் தீர்மானிக்கிறது. ஓர் எழுத்துக்குள் வரும் இடைவெளி ஒரு புள்ளியின் அளவு. இரண்டு எழுத்துகளுக்கு இடையே மூன்று புள்ளிகளின் அளவு. இந்த உடன்பாட்டை அறியாத கருவிக்கு ஒவ்வொரு ஒலியும் துல்லியமாகக் கேட்டாலும் செய்தி கிடைக்காது.

தமிழில் இதற்குச் சரியான சொல் எது?

ஒரே ஒரு சொல் நிலைபெறவில்லை என்பதே உண்மை நிலை. குறிவிலக்கி, குறிநீக்கி, குறிமுறை நீக்கி ஆகிய சொற்களை எழுத்தில் காணலாம். பேச்சிலும் கடைவழக்கிலும் 'டிகோடர்' என்பதுதான் புழங்குகிறது. கருவிப் பெயரை 'இ' என்ற விகுதியால் முடிப்பது தமிழுக்குப் பழகிய வழி: மண்வெட்டி, தேங்காய்த்துருவி, ஒலிபெருக்கி, மின்மாற்றி. ஆகவே குறிவிலக்கியும் குறிநீக்கியும் அமைப்பில் பழுதற்றவை.

பொருளில்தான் சிறு உறுத்தல் உண்டு. 'விலக்கு' என்ற சொல்லைக் கேட்டதும் மதுவிலக்கும் வரிவிலக்கும் நினைவுக்கு வருகின்றன. அதாவது வேண்டாம் என்று ஒதுக்குவது. டிகோடர் குறியை ஒதுக்குவதில்லை, படித்துப் பொருள் சொல்கிறது. போதாக்குறைக்கு 'குறி' என்பது சோதிடக் குறியையும் சுட்டுவதால், தொழில்நுட்பம் அறியாத ஒருவருக்குக் 'குறிவிலக்கி' என்பது தீய சகுனத்தைத் தடுக்கும் தாயத்துப் போல ஒலித்தாலும் வியப்பில்லை. விந்தை என்னவென்றால், லகரத்துக்குப் பதில் ளகரத்தைப் போட்டுக் 'குறிவிளக்கி' என்று எழுதிவிட்டால் அந்த எழுத்துப்பிழை மூலச் சொல்லைவிடப் பொருத்தமான பொருளைத் தந்துவிடுகிறது.

விடுகதையை 'விடுவிப்பது' என்கிறோம். முடிச்சை 'அவிழ்ப்பது' என்கிறோம். இந்த வினைகளின் வழியே ஒரு சொல் பிறந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம். ஆனால் கலைச்சொல்லின் மதிப்பு அதன் அழகில் மட்டும் இல்லை, எத்தனை பேருக்கு அது ஒரே பொருளைத் தருகிறது என்பதிலும் இருக்கிறது. எனவே இந்தப் பக்கத்தில் பொதுவான இடங்களில் 'டிகோடர்' என்றும், தமிழ்ச்சொல் தேவைப்படும் இடத்தில் 'குறிவிலக்கி' என்றும் எழுதுகிறேன். ஒரே கட்டுரைக்குள் மூன்று சொற்களையும் மாற்றி மாற்றி எழுதினால், படிப்பவர் மூன்று வெவ்வேறு கருவிகள் என்று எண்ணிவிடுவார்.

'டிகோடர்', 'டீகோடர்' இரண்டில் எது சரி?

இரண்டும் புழக்கத்தில் உள்ளன. ஆங்கில உச்சரிப்பில் முதலசை பெரும்பாலும் நீண்டு ஒலிப்பதால் 'டீகோடர்' ஒலிக்கு நெருக்கமானது. 'டிகோடர்' எழுத எளியது. எதை எடுத்தாலும் கடைசிவரை அதையே எழுதினால் போதும்.

டிகோடர் என்பது இரகசியச் செய்தியை உடைக்கும் கருவியா?

இல்லை. இந்தச் சொல்லைச் சுற்றியுள்ள குழப்பங்களில் இதுவே மிகப் பெரியது. குறிமுறை வேறு, மறையாக்கம் வேறு. குறிமுறையின் நோக்கம் செய்தியைக் கொண்டுசெல்ல வசதியான வடிவில் வைப்பது. அதன் விதிகள் பெரும்பாலும் எல்லாருக்கும் தெரிந்தவை. மறையாக்கத்தின் நோக்கம் திறவுகோல் இல்லாதவரிடமிருந்து செய்தியை மறைப்பது. மறையாக்கப்பட்டதைத் திறவுகோலைக் கொண்டு திறப்பது மறைநீக்கம். திறவுகோல் இல்லாமலே ஆராய்ந்து திறப்பது மறையுடைப்பு. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியப் படைகள் பயன்படுத்திய எனிக்மா எந்திரத்தின் செய்திகளைப் பிரிட்டனின் பிளெட்ச்லி பார்க்கில் படித்தவர்கள் செய்தது மறையுடைப்பு. அவர்களைப் பொதுவழக்கில் 'கோட் உடைத்தவர்கள்' என்று சொல்வதால்தான் இரண்டும் கலந்துபோகின்றன.

இங்கே தமிழ் இலக்கணம் ஒரு நல்ல எடுத்துக்காட்டைத் தருகிறது. ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் மட்டும் விளங்குமாறு ஒரு பொருளின் பெயரை மாற்றி வழங்குவதைக் குழூஉக்குறி என்று இலக்கணம் வகுத்திருக்கிறது. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதும், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பதும் அதற்குக் காட்டப்படும் சான்றுகள். சொல்லுக்குச் சொல் மாற்றிக்கொள்ளும் இத்தகைய அட்டவணைதான் 'கோட்' என்பதன் கண்டிப்பான பொருள். எழுத்துகளையோ பிட்டுகளையோ (0, 1 என்ற கணினி இலக்கங்கள்) ஒரு விதிப்படி மாற்றியமைப்பது 'சைஃபர்'. 'பறி' என்ற சொல்லை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் அதிலிருந்து பொன் வராது. அட்டவணை வேண்டும், அல்லது பொற்கொல்லரின் பழக்கம் வேண்டும்.

இதே குழப்பத்தின் இன்னொரு முகம் பேஸ்64 என்ற குறிமுறை. அது மூன்று பைட்டுகளை (ஒரு பைட் என்பது எட்டு பிட்டுகள்) நான்கு எழுத்துகளாக மாற்றுகிறது. அதன் விதி உலகறிந்தது. பார்வைக்குப் புரியாத எழுத்துக்கோவையாக இருப்பதால் கடவுச்சொல்லை அதில் மாற்றி வைத்துவிட்டுப் பாதுகாப்பாக இருப்பதாக நம்புவோர் இருக்கின்றனர். எந்தக் கணினியும் நொடிப்பொழுதில் அதைத் திருப்பிவிடும், ஏனென்றால் அது திருப்புவதற்காகவே செய்யப்பட்டது.

மின்னணுவியல் பாடத்தில் வரும் டிகோடர் எது?

பாடப்புத்தகத்தில் டிகோடர் என்றால் பெரும்பாலும் ஒரு சிறிய தருக்கச் சுற்று. அதற்கு இரண்டு உள்ளீடுகள் இருந்தால் நான்கு வெளியீடுகள், மூன்று இருந்தால் எட்டு, நான்கு இருந்தால் பதினாறு. உள்ளீட்டில் வரும் இரும எண் (0, 1 ஆகிய இரண்டே இலக்கங்களால் எழுதப்படும் எண்) எதுவோ, அந்த எண்ணுள்ள வெளியீட்டுக் கம்பி மட்டும் செயல்படும். மற்றவை அமைதியாக இருக்கும். 101 என்று கொடுத்தால் ஐந்தாம் எண் கம்பி எழும். எண்ணிக்கை பூச்சியத்திலிருந்து தொடங்குகிறது என்பதால், வரிசையில் எண்ணினால் அது ஆறாவது கம்பி.

இதன் மிகப் பழகிய உருவம் 74138 என்ற சில்லு. மூன்று உள்ளீடு, எட்டு வெளியீடு. இதில் புதியவர்கள் இடறுகிற இடங்கள் இரண்டு. ஒன்று, தேர்ந்தெடுக்கப்பட்ட வெளியீடு உயர்நிலைக்கு (அதாவது 1-க்கு) போவதில்லை, தாழ்நிலைக்கு (0-க்கு) இறங்குகிறது. மற்ற ஏழும் உயர்நிலையில் நிற்கின்றன. இரண்டு, இதற்கு மூன்று இயக்கு முனைகள் உள்ளன. அவற்றில் ஒன்றுக்கு உயர்நிலையும் மற்ற இரண்டுக்குத் தாழ்நிலையும் கொடுத்தால்தான் சில்லு வேலையைத் தொடங்கும்.

இதன் பயனை நினைவகத்தில் தெளிவாகக் காணலாம். 16 முகவரிக் கம்பிகள் கொண்ட ஒரு கணினிக்கு 65,536 முகவரிகள் உண்டு. அந்த இடத்தை 8,192 பைட் கொள்ளும் எட்டு நினைவகச் சில்லுகளால் நிரப்புவதாக வைத்துக்கொள்வோம். கீழ்ப்பகுதி 13 கம்பிகள் எல்லாச் சில்லுகளுக்கும் பொதுவாகப் போகும். மீதி மூன்று கம்பிகளும் 74138-க்குள் போகும். அதன் எட்டு வெளியீடுகளும் எட்டுச் சில்லுகளின் தேர்வு முனைகளுக்குப் போகும். ஒரு முகவரி வந்ததும், எந்தச் சில்லு பேச வேண்டும் என்பதை டிகோடர் முடிவு செய்கிறது; அந்தச் சில்லுக்குள் எந்த அறை என்பதைப் பொதுக் கம்பிகள் சொல்கின்றன. ஒரே நேரத்தில் இரண்டு சில்லுகள் பேசிவிட்டால் தரவுக் கம்பிகளில் மோதல் ஏற்படும். டிகோடர் அங்கே இருப்பதே அதைத் தடுக்கத்தான்.

டிமல்டிபிளெக்சரும் இதுவும் ஒன்றா?

உடல் ஒன்று, வேலை இரண்டு. டிகோடரின் இயக்கு முனையில் நிலையான மின்னழுத்தத்துக்குப் பதிலாக ஒரு தரவுச் சைகையைக் கொடுத்தால், அந்தச் சைகை தேர்ந்தெடுத்த வெளியீட்டின் வழியே வெளிவரும். அப்போது அது டிமல்டிபிளெக்சர். 74138-ஐ இரு பெயர்களாலும் குறிப்பிடுவது இதனால்தான்.

எண்காட்டியில் இலக்கம் தெரியச் செய்வதும் டிகோடர்தானா?

ஆம். இங்கே ஒரு வேறுபாடும் உண்டு: இதில் ஒரே சமயத்தில் ஒரு வெளியீடு மட்டும் எழுவதில்லை. ஏழு துண்டு எண்காட்டியில் மேலே தொடங்கி வலஞ்சுழியாக ஏ, பி, சி, டி, ஈ, எஃப் என்று ஆறு துண்டுகளும், நடுவில் ஜி என்ற துண்டும் இருக்கின்றன. 0100 என்ற இரும எண் வந்தால், அது 4 என்பதை அறிந்து பி, சி, எஃப், ஜி ஆகிய நான்கையும் டிகோடர் ஏற்ற வேண்டும். 2 என்றால் ஏ, பி, டி, ஈ, ஜி.

இந்த வேலைக்கான 7447 என்ற சில்லு வெளியீட்டைத் தாழ்நிலைக்கு இழுப்பது. அதற்கு, எல்லாத் துண்டுகளுக்கும் ஒரே நேர்முனை உள்ள எண்காட்டி (நேர்முனைப் பொது) வேண்டும். 7448 உயர்நிலை வெளியீடு தருவது. அதற்கு, எல்லாத் துண்டுகளுக்கும் ஒரே எதிர்முனை உள்ளது (எதிர்முனைப் பொது) வேண்டும். நான் முதன்முதலில் இந்தச் சுற்றைக் கட்டியபோது 7447-உடன் எதிர்முனைப் பொது எண்காட்டியை இணைத்துவிட்டு, ஒரு துண்டும் ஒளிராததால் சில்லு பழுது என்று முடிவு செய்து, அதைக் கழற்றி இன்னொன்றை வைத்தேன். அதுவும் ஒளிரவில்லை. சில்லுகள் இரண்டும் நல்லவை என்பது எண்காட்டியின் பின்பக்க எண்ணைப் படித்த பிறகுதான் விளங்கியது.

7447 காட்டும் 6-க்கு மேல்கோடு இருக்காது. 9-க்குக் கீழ்க்கோடு இருக்காது. பார்ப்பவர்கள் துண்டு எரிந்துபோய்விட்டது என்று எண்ணுவதுண்டு. அது பழுதன்று, அந்தச் சில்லின் உள்ளே வைத்திருக்கும் அட்டவணையே அப்படி. பின்னர் வந்த 74247 இரண்டு இலக்கங்களுக்கும் அந்தக் கோட்டைச் சேர்த்துக் காட்டும்.

செயலிக்குள் இருக்கும் கட்டளை டிகோடர் என்ன செய்கிறது?

நினைவகத்திலிருந்து வரும் எண்ணைப் பார்த்து, அது என்ன வேலை என்று செயலியின் மற்ற பகுதிகளுக்குச் சொல்கிறது. கல்லூரிகளில் நெடுங்காலமாகப் பயிற்றுவிக்கப்படும் 8085 செயலியில் 01111000 என்ற எட்டு பிட்டுகள் வந்தால், டிகோடர் அதை 01, 111, 000 என்று மூன்றாகப் பிரித்துப் பார்க்கிறது. 01 என்பது 'ஒரு பதிவகத்திலிருந்து (செயலிக்குள்ளேயே எண்ணை வைத்துக்கொள்ளும் சிறிய இடம்) இன்னொன்றுக்கு நகலெடு' என்ற வேலை. 111 என்பது சென்று சேர வேண்டிய ஏ பதிவகம். 000 என்பது எடுக்க வேண்டிய பி பதிவகம். ஆகவே பி-யில் உள்ளது ஏ-க்குப் போகிறது.

இந்த ஒழுங்கில் ஓர் அழகான விதிவிலக்கு இருக்கிறது. 110 என்ற மூன்று பிட்டுகள் பதிவகத்தைக் குறிக்காமல் நினைவகத்தைக் குறிக்கின்றன. அப்படியானால் 01, 110, 110 என்று வந்தால் 'நினைவகத்திலிருந்து அதே நினைவக இடத்துக்கு நகலெடு' என்று பொருள்பட வேண்டும். அது பயனற்ற வேலை. வடிவமைத்தவர்கள் அந்த ஓர் எண்ணை வீணாக்காமல் 'நில்' என்ற கட்டளைக்குக் கொடுத்துவிட்டார்கள். எனவே டிகோடர் பொதுவிதியைப் பின்பற்றுவதற்கு முன் இந்த ஒன்றைத் தனியே பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

டிமாடுலேட்டர், டிஏசி, டிகோடர் ஆகியவற்றை எப்படிப் பிரித்தறிவது?

சைகை கடந்துவரும் வரிசையில் வைத்துப் பார்த்தால் எளிது. அலையின் மீது ஏற்றி அனுப்பப்பட்டதை அலையிலிருந்து இறக்குவது டிமாடுலேட்டர். இறக்கியதன் உள்ளமைப்பைப் புரிந்துகொண்டு பிரிப்பது டிகோடர். கிடைத்த எண்களை மின்னழுத்தமாக மாற்றி ஒலிபெருக்கிக்குத் தருவது டிஏசி. ஒரே பெட்டிக்குள் மூன்றும் இருப்பதால் பெயர்கள் கலந்துவிடுகின்றன.

பண்பலை வானொலியின் ஸ்டீரியோ டிகோடர் இதற்கு நல்ல சான்று. அதில் எண்முறையே இல்லை. இருந்தும் அது டிகோடர்தான். நிலையம் இடப்பக்க ஒலியையும் வலப்பக்க ஒலியையும் தனித்தனியே அனுப்புவதில்லை. இரண்டின் கூட்டலை வழக்கமான இடத்திலும், இரண்டின் கழித்தலை 38 கிலோஹெர்ட்ஸ் துணை அலையிலும் வைத்து, 19 கிலோஹெர்ட்ஸில் ஓர் அடையாள ஒலியையும் சேர்த்து அனுப்புகிறது. பழைய ஒற்றை ஒலிபெருக்கிப் பெட்டி கூட்டலை மட்டும் எடுத்துக்கொள்வதால் அதற்கு இழப்பேதும் இல்லை. ஸ்டீரியோ பெட்டியில் உள்ள டிகோடர் அந்த 19 கிலோஹெர்ட்ஸ் அடையாளத்தைக் கண்டதும் விழித்துக்கொண்டு, கூட்டலோடு கழித்தலைக் கூட்டுகிறது: இடப்பக்க ஒலி இருமடங்காகக் கிடைக்கிறது. கூட்டலிலிருந்து கழித்தலைக் கழிக்கிறது: வலப்பக்க ஒலி கிடைக்கிறது. அடையாள ஒலி பலவீனமானால் ஸ்டீரியோ விளக்கு அணைந்து ஒலி ஒற்றையாவதும் இதனால்தான்.

செட்டாப் பாக்ஸை டிகோடர் என்பது சரியா?

மலேசியாவிலும் தென்னாப்பிரிக்கா போன்ற ஆப்பிரிக்க நாடுகளிலும் அந்தப் பெட்டிக்கு மக்கள் இட்ட பெயரே டிகோடர்தான். வழக்கில் அது தவறில்லை. நுணுக்கமாகச் சொன்னால், பெட்டிக்குள் பல வேலைகள் வரிசையாக நடக்கின்றன: அலைவரிசையைத் தேர்ந்தெடுத்தல், அலையிலிருந்து தரவை இறக்குதல், கலந்துவந்த பல நிகழ்ச்சிகளைப் பிரித்தல், சந்தா செலுத்தியவரா என்று பார்த்து மறைநீக்கம் செய்தல், இறுதியாகச் சுருக்கப்பட்ட படத்தையும் ஒலியையும் விரித்தல். இவற்றில் கடைசி வேலை மட்டுமே கண்டிப்பான பொருளில் டிகோடருடையது. 'சந்தா முடிந்ததால் டிகோடர் வேலை செய்யவில்லை' என்று ஒருவர் சொன்னால், உண்மையில் மறுத்தது டிகோடர் அன்று, அதற்கு முன் நிற்கும் மறைநீக்கப் பகுதி.

வீடியோ கோப்பில் ஒலி வருகிறது, படம் வரவில்லை. காரணம் என்ன?

பெரும்பாலும் அந்தப் படச் சுருக்கமுறைக்கு உரிய டிகோடர் அந்தக் கருவியில் இல்லை. எம்பி4, எம்கேவி என்பவை உறைகள் மட்டுமே. உறைக்குள் படம் ஒரு முறையிலும் ஒலி வேறொரு முறையிலும் சுருக்கப்பட்டிருக்கும். ஒலியின் டிகோடர் இருந்து படத்தின் டிகோடர் இல்லாவிட்டால் கறுப்புத் திரையில் பாட்டுக் கேட்கும். கோப்பின் பெயரில் உள்ள பின்னொட்டை மாற்றி எழுதுவதால் எந்தப் பயனும் இல்லை, உறையின் மேல் பெயரை மாற்றினால் உள்ளே இருக்கும் கடிதத்தின் மொழி மாறாது. விஎல்சி போன்ற, படம் ஓட்டும் நிரல்கள் பல டிகோடர்களைத் தங்களுக்குள்ளேயே வைத்திருப்பதால் அவற்றில் இச்சிக்கல் குறைவு.

சில நேரங்களில் படம் வரும், ஆனால் விட்டுவிட்டு நகரும். அப்போது டிகோடர் இருக்கிறது, வன்பொருளாக இல்லாமல் மென்பொருளாக இருக்கிறது என்று கொள்ளலாம். 2003-இல் வந்த ஹெச்.264 முறைக்கான வன்பொருள் டிகோடர் ஏறத்தாழ எல்லாக் கைபேசிகளிலும் உண்டு. 2013-இல் வந்த ஹெச்.265, 2018-இல் வந்த ஏவி1 ஆகியவற்றைப் பழைய கருவிகள் பொதுச் செயலியின் உழைப்பால்தான் விரிக்க வேண்டும். கருவி சூடாவதும் மின்கலம் விரைவில் தீர்வதும் அதன் விளைவு.

'கோடெக்' என்ற சொல் கோடர், டிகோடர் இரண்டின் ஒட்டு. இந்த இணையில் டிகோடருக்கே முதலிடம் என்பது பலருக்குத் தெரியாத செய்தி. படத்தையும் ஒலியையும் சுருக்குவதற்கான எம்பெக் வகைத் தரநிலைகள், சுருக்கப்பட்ட தரவு எப்படி இருக்க வேண்டும், அதை டிகோடர் எப்படி விரிக்க வேண்டும் என்பவற்றையே கட்டாயமாக்குகின்றன. என்கோடர் எப்படி உழைத்து அந்தத் தரவை உண்டாக்குகிறது என்பது அதைச் செய்பவரின் விருப்பம். ஒரே தரநிலையில் ஒரு என்கோடர் தெளிவான படத்தையும் இன்னொன்று கட்டம் கட்டமான படத்தையும் தர, இரண்டையும் ஒரே டிகோடர் குறையின்றி விரிப்பது இதனால்தான் முடிகிறது.

தொலைபேசியில் 'ஒன்றை அழுத்தவும்' என்றால் மறுமுனை எப்படி அறிகிறது?

ஒவ்வொரு பொத்தானும் இரண்டு ஒலிகளைச் சேர்த்து எழுப்புகிறது. விசைப்பலகையின் நான்கு வரிசைகளுக்கு 697, 770, 852, 941 ஹெர்ட்ஸ். மூன்று நெடுவரிசைகளுக்கு 1209, 1336, 1477 ஹெர்ட்ஸ். 5 என்ற பொத்தான் இரண்டாம் வரிசையும் இரண்டாம் நெடுவரிசையும் சேரும் இடம் என்பதால் 770-உம் 1336-உம் ஒலிக்கும். இந்த இரட்டை ஒலி முறையின் பெயர் டிடிஎம்எஃப். மறுமுனையில் உள்ள டிடிஎம்எஃப் டிகோடர் இந்த இணையை அறிந்து 0101 என்ற நான்கு பிட்டுகளைத் தருகிறது. மாணவர் திட்டப்பணிகளில் பெரிதும் பயன்படும் எம்டி8870 சில்லில் ஒரு பொறி உண்டு: 0 என்ற பொத்தானுக்கு அது 0000 தருவதில்லை, 1010 தருகிறது. இதை அறியாமல் நிரல் எழுதியவர்கள் ஒன்பது எண்களும் சரியாக வந்து பூச்சியம் மட்டும் வராததைக் கண்டு திகைப்பார்கள்.

பிழையோடு வந்த செய்தியை டிகோடர் திருத்துமா?

குறிமுறை அதற்கு இடம் வைத்திருந்தால் திருத்தும். கணிதவியலாளர் ரிச்சர்ட் ஹேமிங் 1950-இல் வெளியிட்ட முறையை ஒரு தாளில் செய்து பார்க்கலாம். 1011 என்ற நான்கு பிட்டுகளை அனுப்ப வேண்டும். அவற்றை 3, 5, 6, 7 ஆகிய இடங்களில் வைத்து, 1, 2, 4 ஆகிய இடங்களைச் சோதனை பிட்டுகளுக்கு விடுகிறோம். 1-ஆம் சோதனை 1, 3, 5, 7 இடங்களையும், 2-ஆம் சோதனை 2, 3, 6, 7 இடங்களையும், 4-ஆம் சோதனை 4, 5, 6, 7 இடங்களையும் கவனிக்கும். ஒவ்வொன்றிலும் உள்ள 1-களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்க வேண்டும். அதன்படி அனுப்பப்படுவது 0110011.

வழியில் ஐந்தாம் பிட் மாறி 0110111 என்று வந்து சேர்ந்ததாகக் கொள்வோம். டிகோடர் மூன்று சோதனைகளையும் செய்கிறது. 1-ஆம் சோதனையில் மூன்று 1-கள்: தவறு. 2-ஆம் சோதனையில் நான்கு: சரி. 4-ஆம் சோதனையில் மூன்று: தவறு. தவறிய சோதனைகளின் எண்களான 1-ஐயும் 4-ஐயும் கூட்டினால் 5. ஐந்தாம் பிட்டைத் திருப்பிவிட்டால் அனுப்பியது அப்படியே கிடைக்கிறது. மறுபடி அனுப்பச் சொல்லிக் கேட்கவே வேண்டியதில்லை.

1994-இல் டென்சோ நிறுவனம் உருவாக்கிய க்யூஆர் குறியின் டிகோடரும் இதே எண்ணத்தை வலுவான வேறு கணக்கோடு செய்கிறது. அது பயன்படுத்தும் ரீட்-சாலமன் முறையின் உச்ச நிலையில் தரவின் ஏறத்தாழ 30 விழுக்காடு சிதைந்தாலும் மீட்க முடியும். குறியின் நடுவில் நிறுவனச் சின்னத்தை ஒட்டி வைத்தும் கைபேசி அதைப் படிப்பது இந்தச் சலுகையால்தான். ஆனால் மூன்று மூலைகளில் உள்ள பெரிய சதுரங்கள் அந்தச் சலுகைக்குள் அடங்கா. அவை குறி எங்கே இருக்கிறது என்று காட்டுபவை. அவற்றை மறைத்தால் டிகோடருக்கு வேலையே வந்து சேராது.

செயற்கை நுண்ணறிவில் பேசப்படும் டிகோடர் எது?

அது கருவியன்று, நரம்பியல் வலைப்பின்னலின் ஒரு பகுதி. மொழிபெயர்ப்புக்காக 2017-இல் வெளிவந்த டிரான்ஸ்ஃபார்மர் அமைப்பில் மூல வாக்கியத்தை எண்களாக உள்வாங்குவது என்கோடர். அந்த எண்களைக் கொண்டு இலக்கு மொழியில் ஒவ்வொரு துண்டாக எழுதிச் செல்வது டிகோடர். பின்னர் வந்த பெரிய மொழி மாதிரிகள் பலவற்றில் டிகோடர் மட்டுமே உண்டு. முன்பே ஒப்புக்கொண்ட அட்டவணை என்று ஒன்று இங்கே இல்லை, பயிற்சியில் கற்றதுதான் இருக்கிறது. ஆகவே பெயர் பழையது என்றாலும் பொருள் சற்று விலகியே நிற்கிறது. 'டிரெய்லர் டீகோடிங்' என்று இணையத்தில் வரும் காட்சி அலசல்களுக்கும் இதே கதிதான்: இயக்குநர் எந்த அட்டவணையையும் கொடுத்திருக்கமாட்டார்.

தமிழ் எழுத்துகள் கட்டமாகவும் குப்பையாகவும் தெரிவது டிகோடர் கோளாறா?

இரண்டும் வெவ்வேறு நோய்கள். வெற்றுக் கட்டங்களாகத் தெரிந்தால் டிகோடர் தன் வேலையைச் சரியாகச் செய்துவிட்டது, அந்த எழுத்தை வரைய எழுத்துரு இல்லை என்று பொருள். புள்ளிவைத்த இலத்தீன் எழுத்துகளும் காசுக்குறிகளும் கலந்து குப்பையாகத் தெரிந்தால், தவறான குறிமுறைப்படி படிக்கப்படுகிறது என்று பொருள்.

'அ' என்ற எழுத்துக்கு யூனிகோடு கொடுத்த எண் 2949. யுடிஎஃப்-8 முறையில் அது 224, 174, 133 என்ற மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது. அந்த முறை தெரிந்த நிரல், 224-ஐக் கண்டதுமே இது மூன்று பைட் எழுத்தின் தொடக்கம் என்று அறிந்து மூன்றையும் சேர்த்துப் படிக்கும். ஒரு பைட்டுக்கு ஓர் எழுத்து என்று நம்பும் பழைய மேற்கத்திய முறையில் திறந்தால் அந்த மூன்றும் மூன்று தனிக் குறிகளாகத் தெரியும். கோப்பு கெடவில்லை, மீண்டும் யுடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்துத் திறந்தால் 'அ' வந்துவிடும். குப்பையாகத் தெரிகிற நிலையிலேயே திருத்திச் சேமித்துவிட்டால்தான் உண்மையான இழப்பு.

பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த பழைய கோப்புகள் இன்னும் கடினமானவை. அவற்றில் சேமிக்கப்பட்டிருப்பது ஆங்கில எழுத்துகளின் எண்கள். எழுத்துருதான் அவற்றுக்குத் தமிழ் உருவம் கொடுத்துக் காட்டியது. எழுத்துரு மாற்றி என்று நாம் சொல்லும் நிரல் அந்த எண்களைப் பாமினி அட்டவணைப்படி படித்து யூனிகோடாக எழுதுகிறது. அந்த நிரலும் ஒரு டிகோடர்தான். ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் பாமினியில் எழுத்துக்கு முன்னாலும் யூனிகோடில் பின்னாலும் சேமிக்கப்படுவதால், அவற்றின் இடத்தையும் அது மாற்றி வைக்க வேண்டும். கோப்பு வெற்று உரையாக வந்து, நடுவே உண்மையாகவே ஆங்கிலத்தில் எழுதிய ஒரு பெயர் இருந்தால் அதையும் தமிழாக்கிவிடும்: எங்கே எழுத்துரு மாறியது என்ற குறிப்பு கோப்பைச் சேமித்தபோதே போய்விட்டது. அந்தப் பெயரை, கோப்பின் அச்சுப்படி கையில் இருந்தால் அதைப் பார்த்து, மனிதர்தான் திருத்த வேண்டும்.